இரவல் விரல்

எங்கள் இசைக்குழுவின் வாட்ஸ்அப்பில் போன வாரம் ஒரு கேள்வி வந்தது. கேட்டவள் ஷர்மிளா. நாகலூர்ப் பெண். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் கிதார் வாசிப்பவள்.

"ஏனுங்க பாய், ஸ்வீப் வாசிக்கையில மத்த கம்பியெல்லாம் சேந்து கத்துதுங்க. கிதார் கழுத்துல மாட்டுற பட்டை ஒண்ணு ஆன்லைன்ல வருதுங்க. வாங்கலாமுங்களா? நீங்கல்லாம் அந்தக் காலத்துல என்னங்க பண்ணுனீங்க?" கடைசியில் ஒரு சிரிக்கிற பொம்மை வேறு.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: வாங்கிக்க கண்ணு. இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கட்டை விரலால் போனில் தட்டித் தட்டி எழுதுகிற பொறுமை எனக்கு இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன். இதைப் படம் பிடித்துக் குழுவில் போடுவதாக அண்ணன் மகன் சொல்லியிருக்கிறான். நீளமாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் படிக்க வேண்டாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கொஞ்சம் கோபித்துக்கொள்வேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் காதர். ஏற்காடு ஏரிக்குப் போகிற ரோட்டில் எங்கள் குடும்பக் கடை இருக்கிறது. ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கம்பளி சாக்ஸ். சேலத்தில் இருந்து பனியனோடு வந்து இறங்கி, பஸ் ஸ்டாண்டிலேயே நடுங்க ஆரம்பிக்கிறவர்களை நம்பி நடக்கிற வியாபாரம். அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டான், நான் கிதாரைப் பார்த்துக்கொண்டேன். கற்றுக்கொண்ட கதை பெரிதாக ஒன்றுமில்லை. சர்ச்சில் ஒருவர் அடிப்படை சொல்லிக்கொடுத்தார். எஸ்டேட் முதலாளி வீட்டுப் பிள்ளை ஒருவர் வெளிநாட்டு கேசட்டுகள் கொடுத்தார், தேயத் தேயக் கேட்டேன். விரல் நுனி உரிந்தது, பிறகு காய்த்துப்போனது. கிதார் எடுத்த எல்லாருக்கும் இதுதான் நடக்கும். அதன் பிறகு கல்யாணம், கோயில் திருவிழா, எஸ்டேட் விருந்து என்று மலை முழுக்க வாசித்து வயிறு வளர்த்தேன்.

குழுவில் கிதார் தெரியாதவர்களும் இருக்கிறீர்கள். பாடகர்களைத்தான் சொல்கிறேன். அவர்களுக்காக ஸ்வீப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வலது கையில் பிடித்திருக்கும் பிக்கை, அதாவது கம்பியை மீட்டுகிற சின்னச் சில்லை, ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஆட்டாமல், தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரைக்கும் ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போவது. பிறகு அதே மாதிரி திரும்பி வருவது. வாசல் பெருக்குவது போலத்தான். இடது கை விரல்கள் அந்தந்தக் கம்பியில் அந்தந்த நேரத்துக்கு அழுத்த வேண்டும். வேகம்தான் இதில் கஷ்டம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். உட்கார்ந்து சாதகம் செய்தால் வேகம் யாருக்கும் வரும். வராதது நிறுத்தம். ஒரு ஸ்வரம் ஒலித்ததும் அது வாயை மூட வேண்டும், அப்புறம்தான் அடுத்தது வாயைத் திறக்க வேண்டும். மூடாவிட்டால் ஆறு கம்பியும் சந்தைக் கூச்சல் போடும். ஒலியைக் கரகரவென்று பெருக்குகிற டிஸ்டார்ஷன் பெடலையும் மிதித்துவிட்டால் தொடாத கம்பிகூட உறுமும்.

அடக்குகிற வேலையை இரண்டு கையும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பிக் மெல்லிய கம்பிப் பக்கம் இறங்க இறங்க, வலது உள்ளங்கையின் அடிப்பாகம் பின்னாலேயே வந்து, வாசித்து முடித்த தடித்த கம்பிகளின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இடது கை விரல் வாசித்ததும் துள்ளி எழுந்துவிடக் கூடாது, எழுந்தால் வெறுங்கம்பி ஒலிக்கும். அழுத்தத்தை மட்டும் விட்டுவிட்டுத் தொட்டபடியே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது இடது ஆள்காட்டி விரல். அதன் நுனி பக்கத்துத் தடித்த கம்பியை லேசாக உரசிக்கொண்டிருக்கும். அதன் சதை மெல்லிய கம்பிகளின் மேல் படுத்திருக்கும். திரும்பி வரும்போது மெல்லிய கம்பிகளை உள்ளங்கையால் அடக்க முடியாது, எட்டாது. அப்போது முழுப் பொறுப்பும் அந்தச் சதைக்குத்தான். கதையே அந்த விரலில்தான் இருக்கிறது, அதனால் இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தலைவர் தேவசகாயம் மாஸ்டர். பகலில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர், சாயங்காலம் எங்களுக்குக் கீபோர்டு. முதலாளியிடம் கேட்டு, எஸ்டேட்டின் காபி குடோனையே ஒத்திகைக்கு வாங்கி வைத்திருந்தார். தகரக் கூரை, கல் சுவர், உள்ளே உத்தரம் வரைக்கும் காபி மூட்டை. மூட்டைகளுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி இடம் விட்டிருப்பார்கள், அங்கேதான் நாங்கள்.

மாஸ்டர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. எங்கள் எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார், மீசை முளைக்காத காலத்திலேயே என்னை "காதர், வாங்க" என்றுதான் கூப்பிட்டார். ஒத்திகையில் எங்களுக்கு முதுகைக் காட்டி ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துகொள்வார். முகத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்பது அவர் கட்சி. அடங்காத கம்பி ஒன்று எங்கேயாவது ஒலித்தால் கையைத் தூக்கிக் காதோரம் கொசு விரட்டுவார். அவ்வளவுதான். பிறகு திரும்பாமலேயே, "காதர், உங்க மூணாவது கம்பியில கொசு பறக்குதுங்க" என்பார். போய்ப் பார்த்தால் மூன்றாவது கம்பியாகத்தான் இருக்கும். இதற்குப் பதிலாக நான்கு அறை வாங்கியிருக்கலாம் என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது.

அவரிடம் 'ஊமைப் பாடம்' என்று ஒன்று உண்டு. முழு ஸ்வீப்பையும் ஒரு ஸ்வரம்கூட ஒலிக்காமல் வாசிக்க வேண்டும். இடது விரல்கள் கம்பியைத் தொடும், ஆனால் அழுத்தாது. பிக் இழுக்கும்போது டக் டக் டக் என்று கட்டைச் சத்தம் மட்டும் வரும். அந்த டக்குகள் எல்லாம் ஒரே கனத்தில், ஒரே இடைவெளியில் விழ வேண்டும். எங்கேயாவது 'ணிங்' என்று ஒன்று கிளம்பினால் ஆரம்பத்தில் இருந்து வர வேண்டும். "வாயடைக்கத் தெரிஞ்ச பொறகு பேசலாமுங்க" என்பார். நாங்கள் மாதக்கணக்கில் ஊமையாக இருந்தோம்.

லீட் கிதார் செல்லமுத்து. வெள்ளக்கடைக்காரன், என் வயதுதான். வீட்டில் காபி, மிளகு, ஆரஞ்சு, சாப்பாட்டுக்குச் சாமை. காலையில் காட்டு வேலை முடித்து, மதியம் பஸ் ஏறி, மடியில் கிதாரோடு வருவான். நான் ரிதம், பின்னணிக்குக் கம்பி தட்டுகிறவன். அவன் முன்னால் நிற்பான், நான் ஓரமாக. அவன் வாசிப்பில் கொசு பறந்து நான் கேட்டதே இல்லை. பொறாமையாகத்தான் இருக்கும். அதற்காகச் சிநேகிதம் குறைந்ததில்லை.

எங்கள் கச்சேரி ஒவ்வொன்றும் மாஸ்டர் அமைத்த ஒரு வாத்திய இசையோடுதான் தொடங்கும். அதற்குக் 'கொண்டை ஊசி' என்று பெயர் வைத்திருந்தார். முதலில் வெறுங்கம்பிகள் சொட்டுச் சொட்டாக ஒலிக்கும், பஸ் அடிவாரத்தில் நிற்கிற மாதிரி. பிறகு லீட் கிதார் ஒரு ஸ்வீப்பில் ஏறித் திரும்பும். மறுபடி வெறுங்கம்பி. மறுபடி ஏறித் திரும்பும். ஒவ்வொரு திருப்பமும் முந்தினதைவிட உயரம். மலையில் வாழ்கிறவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. கேட்டதும் சிரித்துவிடுவார்கள், சிலர் வளைவுக்குத் தகுந்த மாதிரி உடம்பைச் சாய்ப்பார்கள்.

ஒரு அறுவடைச் சமயத்தில் செல்லமுத்துவின் கை பல்பரில் மாட்டியது. பல்பர் என்பது காபிப் பழத்தின் தோலை உரிக்கிற மெஷின். அவர்கள் வீட்டில் இருந்தது கையால் சுற்றுவது. அடைத்துக்கொண்ட பழத்தைத் தள்ளிவிட விரலை விட்டிருக்கிறான், சுற்றிக்கொண்டிருந்த தங்கைக்குத் தெரியவில்லை. இடது ஆள்காட்டி விரலில் மேல் கணு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நான் பார்த்தபோது கட்டுப் போட்ட கையை மார்பு மேல் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லீட் நீ வாசி காதரு. கொண்டை ஊசிய சும்மா விட்டுறாதீங்கடா, அது நல்ல இசை" என்றான். நான் வெளியே வந்து, மருந்து வாங்குகிற கூட்டத்தில் நின்று அழுதேன்.

அடுத்த அறுவடை வரை நான் லீட் வாசித்தேன். 'கொண்டை ஊசி'யின் ஒவ்வொரு திருப்பமும் எனக்கு மனப்பாடம் ஆனது. முன்னால் நிற்பதன் ருசியும் தெரிந்தது. ரிதம் கிதார்காரனை மேடையைவிட்டு இறங்கினால் யாருக்கும் தெரியாது. லீட் வாசித்தவனுக்கு டீக்கடைக்காரர் காசு வேண்டாம் என்பார். எனக்கு அது பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

குடோனில் மறுபடி மூட்டை ஏறியபோது செல்லமுத்து கிதாரோடு வந்து நின்றான். நடு விரல், மோதிர விரல், சுண்டு விரல், இந்த மூன்றை வைத்தே எல்லா ஸ்வரத்தையும் பிடிக்கக் கற்றிருந்தான். ஒரு வருஷம் வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்றது. மாஸ்டர் முதுகைக் காட்டி உட்கார்ந்து முழுவதும் கேட்டார், கை காதுக்குப் போகவில்லை.

"எஸ்டேட் விருந்து வரைக்கும் பாருங்க மாஸ்டர்" என்றான் செல்லமுத்து. "அன்னைக்கி கொசு இல்லாம வாசிச்சா லீட் எனக்கு. பறந்துச்சுன்னா காதருக்கு. எனக்காவ பாவம் பாத்து ரிதம் குடுக்காதீங்க. நான் ஊட்டுக்குப் போயி மொளகுக்கொடி கட்டிக்கறேனுங்க."

"அப்படியெல்லாம் பேச வேண்டாமுங்க" என்றார் மாஸ்டர்.

"பேசிட்டேனுங்க" என்றான். அவன் பிடிவாதம் வெள்ளக்கடையில் பிரசித்தம்.

விருந்து என்பது காபி மூட்டைகள் எல்லாம் லாரி ஏறிப் போன பிறகு எஸ்டேட்டில் வேலை செய்தவர்களுக்கு முதலாளி போடுகிற சாப்பாடு. மத்தியானம் பிரியாணியும் பாயசமும், சாயங்காலம் எங்கள் கச்சேரி. காபி உலர்த்துகிற களத்தில், வெட்டவெளியில் மேடை போடுவார்கள். எல்லா வருஷமும் அப்படித்தான். அந்த வருஷம் பிரியாணி அண்டாவைத் திறக்கும்போதே கோடை மழை பிடித்துக்கொண்டது. களம் ஏரியாகிவிட்டது. கச்சேரியைக் குடோனுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

எங்களுக்குச் சந்தோஷம்தான். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்த இடம் ஆயிற்றே. ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். கதவைத் திறந்ததும்தான் உறைத்தது. மூட்டை ஒன்றுகூட இல்லை. கல் சுவரும் தகரக் கூரையும் மட்டும். டிரம்காரர் ஒரு தும்மல் போட்டார், அது நான்கு சுவரிலும் முட்டி எங்களிடமே திரும்பி வந்தது.

உலகத்தில் வேறு எந்தக் குழுவும் இந்தத் தப்பைச் செய்திருக்காது. பஞ்சணை மாதிரி மூட்டைகள் சுற்றிலும் அடுக்கி இருந்ததால்தான் எங்கள் வாசிப்பு அத்தனை சுத்தமாகக் கேட்டிருக்கிறது. சின்னச் சின்ன ஒலியை எல்லாம் காபி குடித்துவிட்டது. மாஸ்டர் காதையே அது ஏமாற்றியிருக்கிறது. முந்தின வருஷங்களில் மூட்டை போனதும் ஒத்திகையை நிறுத்திவிடுவோம், விருந்தும் களத்தில் நடக்கும், வெட்டவெளியில் எதிரொலி கிடையாது. அதனால் எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

செல்லமுத்து ஒரு தடவை சோதித்துப் பார்த்தான். முதல் ஸ்வீப் ஏறியது. ஏறியது இறங்கவில்லை. கூரையில் முட்டித் திரும்பிய சத்தம் பட்டு, அவன் தொடாத கம்பிகள் எல்லாம் தாமாகவே அதிர ஆரம்பித்தன. அவற்றின் மேல் படுத்திருக்க வேண்டிய விரல் அவனிடம் இல்லை. வாசிப்பதற்கு மூன்று விரல் போதும் என்று அவன் கண்டுபிடித்துவிட்டான், அடக்குவதற்குத்தான் ஆள் இல்லை.

மாஸ்டர் கை காதுக்குப் போனது. ஒரு முறை கொசு விரட்டினார், இன்னொரு முறை விரட்டினார். பிறகு கையை எடுக்காமல் காதைப் பொத்தியபடியே உட்கார்ந்துவிட்டார்.

"கம்பி என்னையக் கேக்காமயே பாடுது, பாத்தியா காதரு" என்றான் செல்லமுத்து. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

மாஸ்டர் எழுந்து வந்தார். "காதர், இன்னைக்கு நீங்க வாசிச்சிருங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானுங்க செல்லமுத்து."

"சரிங்க மாஸ்டர்" என்றான் அவன். இன்றைக்கு ஒரு நாள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினான். கிதாரை உறையில் போட்டான். வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

லீட் எனக்கு வந்துவிட்டது. நான் ஆசைப்பட்டதுதான். ஆனால் ஒரு காபி லாரியும் ஒரு மழையும் சேர்ந்து கொடுத்ததை வாங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. கோபம் கோபமாக வந்தது. ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"எங்கடா போற? மழை பேயுது."

"நனைஞ்சுக்கறேன், உடு."

என் பையில் சாக்ஸ் இருந்தது. ஷர்மிளா, நீ கேட்ட பட்டையின் பாட்டன் அதுதான். எங்கள் கடையில் ஜோடி தொலைந்த ஒற்றை சாக்ஸ்கள் ஒரு கூடை நிறையக் கிடக்கும். குழந்தை சாக்ஸ் ஒன்றை எடுத்துப் பாதத்தை வெட்டிவிட்டு, கிதார் கழுத்தின் உச்சியில் மாட்டிவிட்டால், வெறுங்கம்பி எதுவும் ஒலிக்காது, விரல் அழுத்துகிற ஸ்வரம் மட்டும் ஒலிக்கும். "ஒத்த சாக்ஸுக்கும் கிராக்கி வந்துருச்சு" என்று அண்ணன் கேலி பேசுவான். நான் சாக்ஸை எடுத்து நீட்டினேன்.

"இத மாட்டுனா மொத சொட்டே வராதே" என்றான். "வெறுங்கம்பி ஒலிக்கோணும். அப்பறம் ஸ்வீப்பு. மறுக்கா வெறுங்கம்பி. கழட்டிக் கழட்டி மாட்டறதுக்கு ஒரு ஆள்தான் வெக்கோணும்."

"வெச்சுக்க" என்றேன்.

"யார?"

"என்னையத்தான். சாக்ஸ் எதுக்கு, என்ர விரலே இருக்குதல்ல."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்றான். ஆனால் கிதாரை உறையில் இருந்து எடுத்துவிட்டான்.

பெட்டியில் ஒயரைச் செருகாமல், சத்தமில்லாமல் ஒரு தடவை பார்த்தோம். அவனுக்கு இடது பக்கம், கிதார் கழுத்தின் உச்சியருகே நான் நிற்க வேண்டும். வெறுங்கம்பி ஒலிக்கும்போது என் விரல் காற்றில் இருக்கும். ஸ்வீப் தொடங்குகிற அந்த நொடியில் ஆள்காட்டி விரலைப் படுக்கையாகக் கம்பிகள் மேல் வைக்க வேண்டும். அழுத்தினால் சுருதி ஏறிவிடும். லேசாக வைத்தால் கம்பி தப்பித்துவிடும். எப்போது வைப்பது, எப்போது எடுப்பது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவன் இடத்துக்கு வருவதற்காக ஒரு வருஷம் நெட்டுருப் போட்டிருந்தேனே, அந்தப் பாடம் இதற்குப் பயன்பட்டது.

"மாஸ்டர், நாங்க ரெண்டு பேரும் வாசிக்கறோமுங்க" என்றேன். இரண்டு கிதாரும் என்று அவர் நினைத்துக்கொண்டார். தலையாட்டிவிட்டுக் கீபோர்டுக்குப் போனார். நாங்கள் அவருக்குப் பின்னால்.

ஜனம் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தது. நான் என் கிதாரைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு செல்லமுத்துவை ஒட்டி நின்றேன். அவன் தலையில் தடவியிருந்த எண்ணெய் வாசனை என் மூக்கில் ஏறியது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சத்தமாகக் கேட்டார்: "ஏனுங்க, கிதாருக்குக் காச்சலுங்களா? நாடி புடிச்சுப் பாக்கறாரு!"

குடோன் முழுக்கச் சிரிப்பு. மாஸ்டருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை, சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். செல்லமுத்துவின் தோள் குலுங்கியது. இப்போது சிரித்தால் செத்தோம் என்று அவன் காதில் சொன்னேன்.

வெறுங்கம்பிகள் சொட்டின. கூரையில் மழையும் சொட்டிக்கொண்டிருந்ததால் எது எது என்று தெரியாத மாதிரி இருந்தது. முதல் திருப்பம் வந்தது. நான் விரலை வைத்தேன். பிக் சரிந்து இறங்கியது, ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்தனியாக ஒலித்து, ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டது. திரும்பி ஏறியது. என் விரலுக்கு அடியில் கம்பிகள் துடிக்கப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது, துடிக்க விடவில்லை. எடுத்தேன், மறுபடி சொட்டு. வைத்தேன், அடுத்த திருப்பம். ஜனம் நிறைந்து, அதிலும் பாதிப் பேர் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்ததால் எதிரொலியும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். மேலே போகப் போக வேகம் கூடியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் உடம்பைச் சாய்க்க ஆரம்பித்தார்கள். கடைசித் திருப்பத்தில் எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில் அடங்கியபோது, மழைச் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

அப்புறம் அவர்கள் தட்டிய கைத்தட்டல்தான் அன்றைக்கு அந்தக் குடோனில் அடங்காமல் கிடந்த ஒரே சத்தம்.

கச்சேரி முடிந்து ஜனம் கலைந்த பிறகு மாஸ்டர் எங்களிடம் வந்தார். "கொசு இல்லைங்க" என்றார். வாசித்தது யார் என்று திரும்பாமலேயே அவர் காதுக்குத் தெரிந்திருந்தது. பிறகு செல்லமுத்துவின் கையைப் பார்த்தார். "விரலு தேறிருச்சுங்களா?"

செல்லமுத்து சும்மா இருந்திருக்கலாம். லீட் அவனுக்கு உறுதியாகியிருக்கும். அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

"என்ரது இல்லீங்க மாஸ்டர். அது காதரோட விரலு. எரவல் வாங்குனது" என்று நடந்ததைச் சொன்னான். "பந்தயத்துல நான் தோத்துட்டேனுங்க."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "எரவலுங்களா" என்றார். "சரிங்க. உங்களுது தேறட்டும். அது வரைக்கும் திருப்பிக் குடுக்க வேண்டாமுங்க."

செல்லமுத்து தலையைக் குனிந்துகொண்டான். இரண்டு பேரும் என்னை என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, என் விரலை அவர்களே பங்கு பிரித்துக்கொண்டார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அந்த மழைக்காலம் முழுக்க, காலியான குடோனில், எதிரொலிக்கு நடுவிலேயே ஊமைப் பாடத்தை ஆரம்பத்தில் இருந்து எடுத்தோம். நடு விரலைக் கொஞ்சம் படுக்கவைத்து அதன் சதையால் மெல்லிய கம்பிகளை மூடப் பழகினான். திரும்பி வரும்போது வலது கையின் மோதிர விரலையும் சுண்டு விரலையும் நீட்டி, விடுபட்ட கம்பிகளைத் தடவி அடக்கினான். இரண்டு கையையும் சேர்த்து ஒரு விரல் செய்தான் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த விருந்துக்குள் என் விரல் தேவைப்படாமல் போய்விட்டது. நான் ரிதத்துக்குத் திரும்பினேன், ஓய்வு பெறும் வரை ரிதம்தான். வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். டீக்கடையில் காசு கொடுக்கும்போது மட்டும் கொஞ்சம் இருக்கும்.

ஆனால் ஜனம் விடவில்லை. எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் "நாடி புடிங்க, நாடி புடிங்க" என்று கத்துவார்கள். நானும் போய் நின்று கிதார் கழுத்தில் விரலை வைக்கிற மாதிரிப் பாவனை செய்வேன். மாஸ்டர் காலமான பிறகும் அந்த வேடிக்கை நிற்கவில்லை.

போன வருஷம் எனக்குப் பிரிவு விழா வைத்தீர்கள். அதே குடோன். இப்போது அது ஒரு ரிசார்ட்டின் சாப்பாட்டு ஹால், சுவருக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கூரை மட்டும் பழைய தகரம். வெள்ளக்கடையில் இருந்து செல்லமுத்து மருமகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, கிதாரை முதுகில் கட்டிக்கொண்டு வந்தான். எனக்குப் பொன்னாடை போர்த்தி நாற்காலியில் உட்காரவைத்தீர்கள். அவன் 'கொண்டை ஊசி'யைத் தொடங்கினான்.

முதல் இரண்டு திருப்பமும் நன்றாக வந்தது. அடுத்ததில் எனக்குக் கேட்டது. நான்காவது கம்பி. வயதாகிவிட்டது, இருந்த விரல்களும் விறைத்துப்போயிருக்கின்றன. வேறு யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள். நான் பொன்னாடையோடு எழுந்து மேடை ஏறி, அவன் இடது பக்கம் போய் நின்று, உச்சியில் விரலை வைத்தேன். வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தீர்கள்.

"எடு காதரு. எனக்கே வருது" என்றான், வாசிப்பை நிறுத்தாமல்.

"வருது, வருது. கொசுவும் வருது."

அவன் அடுத்த வெறுங்கம்பிகளைச் சொட்டவிட்டான். நான் விரலை எடுத்தேன். ஸ்வீப் தொடங்கியது, வைத்தேன். கம்பிகள் விரலுக்கு அடியில் துடித்து அடங்கின.

"சரி, வெச்சுக்க" என்றான்.

முடியும் வரை வைத்திருந்தேன். ஷர்மிளா கண்ணு, பட்டையை வாங்கிக்கொள், நன்றாகத்தான் அடக்கும். நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டாய். ஒருத்தன் இன்னொருத்தனிடம் ஒரு விரலை இரவல் வாங்கினான். இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.